50 மீட்டர் ரேஞ்சுக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் ஸ்டாண்டை வீட்டிலேயே செய்ய முடியுமா? கேமரா டிரைபாட் போதாதா?

செய்ய முடியும். (ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது குண்டு இலக்கில் எங்கே பட்டது என்று பார்க்க உதவும் சிறு தொலைநோக்கி.) நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன்; .22 ரைபிளில் குப்புறப் படுத்துச் சுடும் 50 மீட்டர் பிரிவில் பயிற்சி பெறுகிறேன். மூன்று ஆண்டுகளாக நான் பயன்படுத்தும் ஸ்டாண்ட், காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய பெடஸ்டல் ஃபேனின் வார்ப்பிரும்பு அடித்தட்டின் மேல் செய்யப்பட்டது.

நின்று சுடுபவருக்குக் கனமான டிரைபாட் ஒன்று போதும். படுத்துச் சுடும்போது கண் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அந்த உயரத்துக்கு டிரைபாடைத் தாழ்த்தினால் கால்கள் அகல விரிந்து, ஒன்று உங்கள் முழங்கையின் கீழோ பக்கத்துத் தடத்திலோ போய் நிற்கும். எடை குறைவு என்பதால் கடற்காற்று எழும் நேரத்தில் படமும் நடுங்கும். 50 மீட்டர் இலக்கு அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., கடைசி வளையத்தின் விட்டமே 154.4 மி.மீ. தான். 30 செ.மீ. அகலமுள்ள ஸ்டாண்டின் ஒரு பக்கம் ஒரே ஒரு மி.மீ. அமுங்கினால், ஸ்கோப்பின் பார்வை அங்கே ஏறக்குறைய 17 செ.மீ. விலகிவிடும். 20 மடங்கு பெருக்கம் தோட்டாத் துளையை இரண்டரை மீட்டர் தொலைவில் இருப்பதுபோல் காட்டுகிறது என்றால், ஸ்டாண்டின் நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெருக்கிக் காட்டும்.

இரும்பை வாங்கும் முன் உங்கள் கண்ணின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பாயில் படுத்து, ஸ்லிங்கை (ரைபிளைக் கையோடு பிணைக்கும் வாரை) இழுத்துக் கட்டி, ரைபிளைத் தோளில் பொருத்திய நிலையில் தலையை மட்டும் இலேசாகத் திருப்புங்கள். அப்போது இடக்கண் எந்த உயரத்தில், எவ்வளவு முன்னே வருகிறது என்று உடனிருப்பவர் டேப்பால் அளக்கட்டும் (நீங்கள் வலக்கையர் என்று கொண்டு சொல்கிறேன்). எனக்கு அது 34 செ.மீ. ஸ்கோப்பைப் பார்ப்பதற்காக முழங்கை நகர்ந்தால், ஸ்லிங்கின் இழுவையும் தோளின் அழுத்தமும் மாறி, அடுத்த குண்டு வேறொரு நிலையிலிருந்து சுடப்பட்டதாகிவிடுகிறது. எனது முதல் ஸ்டாண்ட் நான்கு செ.மீ. உயரமாக இருந்ததால் பல மாதங்கள் நான் ஒவ்வொரு முறையும் எழும்பிப் பார்த்தேன். குண்டுகள் ஏன் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன என்பது அதை வெட்டிய பிறகுதான் விளங்கியது.

வட்டமான அடித்தட்டு மேடுபள்ளமான தரையில் ஆடும் என்பதால், அதன் அடியில் மூன்று ரப்பர் புஷ்களைப் பொருத்துங்கள். மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஆடாமல் உட்காரும். நடுக்கம்பிக்கு 12 மி.மீ. போதும் என்று கடையில் சொல்வார்கள். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடுவதால், 16 மி.மீ. கம்பி அதைவிட மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது. கூடுதல் செலவோ சொற்பம். கம்பியிலிருந்து ஸ்கோப்பைத் தாங்கிப் பக்கவாட்டில் நீளும் கையைக் கூடியவரை குட்டையாக வைத்து, மூன்று புஷ்களில் ஒன்று நேராக அதன் கீழ் வருமாறு நிறுத்துங்கள்.

கம்பியையும் கையையும் இணைக்கும் பூட்டுக்காக, தண்டையார்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் அலுமினியக் கட்டை ஒன்றில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துளைகள் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்து, கைத்திருகால் இறுக்கும்படி செய்துகொண்டேன். நேரடியாகக் கம்பியை அழுத்தும் திருகு வேண்டாம். அது கம்பியில் குழி விழச் செய்யும், பிறகு எத்தனை முறை நகர்த்தினாலும் பூட்டு அந்தக் குழிக்கே திரும்பும். பூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு காலர் வளையத்தை இறுக்கிவிடுங்கள்; கைத்திருகு தளர்ந்தாலும் ஸ்கோப் தரையில் மோதாது.

ஸ்கோப்பின் அடியில் இருக்கும் துளை பெரும்பாலும் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை கொண்டது. ஒரு கடையில் அதற்குப் பொருந்தும் என்று 6 மி.மீ. போல்ட்டைக் கொடுத்தார்கள். அதன் விட்டமும் குறைவு, மரையும் அங்குலத்துக்கு 25-க்கு மேல்; இரண்டு சுற்றுக்குப் பிறகு நான் வலிந்து திருகியதில் ஸ்கோப்பின் மரை சேதமாகிவிட்டது. கடையில் “கால் இஞ்ச் பி.எஸ்.டபிள்யூ” (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு விட்வொர்த் என்ற மரை வகை) போல்ட் என்று கேளுங்கள். அதிலும் அங்குலத்துக்கு 20 மரைதான். மரையின் கோணம் சிறிது வேறுபட்டாலும் இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

கடலோரக் காற்றில் வெற்றிரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் ரெட் ஆக்ஸைடு அடித்து, காய்ந்த பின் எனாமல் பூசுங்கள். நடுக்கம்பிக்குப் பெயிண்ட் கூடாது, பூட்டு வழுக்கும். எவர்சில்வர் கம்பி என்றால் கவலை இல்லை.

கம்பியை வெட்டக் கொடுக்கும் முன் உங்கள் ஸ்கோப்பில் கண் வைக்கும் பக்கம் நேரானதா, 45 பாகை சாய்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்ததென்றால், ஸ்கோப்பை அதன் வளையத்துக்குள் உங்கள் முகத்தை நோக்கிச் சுழற்றி வைத்த பிறகே உயரத்தை அளக்க வேண்டும். நேரானதற்கு எடுத்த அளவு அதற்குப் பொருந்தாது.