லாரியின் ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டினால் இழுவை கூடுமா?

கூடும், ஆனால் கொஞ்சம்தான். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபேன், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், அப்போது ஃபேன் சுற்றுவது வீண். எலெக்ட்ரிக் ஃபேன் சூடு ஏறினால் மட்டும் ஓடும். நெரிசலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதும் முழு வேகத்தில் காற்றை இழுக்கும். எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

பலர் கோட்டைவிடுவது வயரிங்கில். 12 வோல்ட் வண்டியில் இரட்டை ஃபேன் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். சாதாரண சுவிட்சில் நேராகக் கொடுக்காதீர்கள், வயர் உருகிவிடும். தடித்த வயர், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), ஃபியூஸ் மூன்றும் கட்டாயம். அப்புறம், ஃபேன் அணையும் வெப்பநிலை, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறக்கும் அளவைவிடக் கூடுதலாக இருக்கட்டும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு 80-இல் அணையும்படி வைத்தால் ஃபேன் நிற்காமலே ஓடும். ஷ்ரவுட், அதாவது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் உறை, இல்லாமல் மாட்டினால் ரேடியேட்டரின் ஒரு பகுதிதான் குளிரும்.

முழுச் சுமையோடு மலை ஏறும் வண்டியா? சரி, அப்படியானால் பழைய கிளட்ச் ஃபேனையே (சூடு ஏறும்போது கிளட்ச் வழியாக இன்ஜினோடு இணைந்து வேகமாகச் சுற்றும் ஃபேன்) அப்படியே விட்டுவிடுங்கள். அது இழுக்கும் காற்றுக்கு ஈடுகொடுக்கும் எலெக்ட்ரிக் ஃபேன் கிடைப்பது கடினம்.