நோம்பி சாட்டியாச்சு, சண்டைக்கு வர முடியாது: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், சென்னிமலைப் பக்கம் இருக்கும் சங்க கால வணிக ஊரான கொடுமணல் பற்றிக் கேட்டவருக்குப் பதில் எழுதும்போது, யவனர் என்ற பெயரே பாரசீகர் வாய்வழியாகத்தான் வந்தது என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, இந்த முறை கிரேக்கர்-பாரசீகர் சண்டை மட்டும்தான்.

ஏனுங்க, யவனர் என்றால் ரோமாபுரி வியாபாரிகள் என்றுதானே படித்தோம்? இதில் பாரசீகர் எங்கே வந்தார்கள்? (சென்னிமலையிலிருந்து)

நீங்கள் படித்ததும் சரிதான். மிளகு வாங்க வந்த மேற்கத்தியர் எல்லாரையும் சங்கப் பாட்டுகள் யவனர் என்றே சொல்லிவிட்டன. ஆனால் சொல் பிறந்த இடம் வேறு. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அயோனியா என்று ஒரு பகுதி, அங்கே குடியிருந்த கிரேக்கர்கள் அயோனியர். பாரசீகர் முதலில் முட்டிக்கொண்டது இவர்களோடு என்பதால் கிரேக்கன் எவனாக இருந்தாலும் அவர்களுக்கு 'யௌனா'தான். அதுவே வடக்கே யோன, யவன என்றாகி நம்மிடம் வந்து சேர்ந்தது. கிரேக்கர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ஹெலனியர். அது நமக்கு எட்டவேயில்லை, எதிராளி கூப்பிட்ட பெயர்தான் கொடுமணல்வரை வந்திருக்கிறது.

சண்டை தொடங்கியதும் அதே அயோனியாவில்தான். கி.மு. 499-இல் அங்கிருந்த ஊர்கள் பாரசீக ஆட்சியை எதிர்த்துக் கிளம்பின. கிரேக்க ஊர்களான ஏதென்ஸ் 20 கப்பலும் எரேட்ரியா 5 கப்பலும் துணைக்கு அனுப்ப, அடுத்த வருடம் பாரசீகரின் சார்டிஸ் நகரம் எரிந்துபோனது. பேரரசர் டேரியஸ் அதற்கப்புறம் ஒவ்வொரு வேளை சாப்பாட்டின்போதும் 'ஐயா, ஏதென்ஸ்காரர்களை மறந்துவிடாதீர்கள்' என்று வேலைக்காரனை மூன்று முறை சொல்லவைத்தாராம். இதைச் சொல்பவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். கதை சொல்வதில் கெட்டிக்காரர், கொஞ்சம் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ரேஸ்கோர்ஸில் தினமும் ஓடுகிறேன், முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஜெயித்த செய்தியைச் சொல்லிவிட்டு விழுந்து செத்த அந்த வீரர் கதை நிஜமா சார்? (கோவையிலிருந்து)

பயப்படாமல் ஓடுங்கள். அந்தச் சாவு ஹெரடோட்டஸில் இல்லை. மாரத்தான் என்ற இடத்தில் படையெடுத்து வந்த பாரசீகரை ஏதென்ஸ்காரர்கள் ஜெயித்த போர் கி.மு. 490-இல் நடந்தது, செத்து விழுந்த கதையை எழுதியவர்கள் ஐந்நூறு வருடத்துக்கும் மேல் கழித்து வந்தவர்கள். 42.195 கிலோமீட்டர் கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது, 1896-இல் ஓடியது ஏறக்குறைய 40தான்.

ஹெரடோட்டஸ் சொல்லும் ஓட்டம் இதைவிடப் பெரியது. போருக்கு முன்பே பெய்டிப்பிடிஸ் என்ற ஓட்டக்காரர் உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்டாவுக்கு ஓடியிருக்கிறார். சுமார் 240 கிலோமீட்டர், மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார்! மூச்சு வாங்கி விஷயத்தைச் சொன்னால் ஸ்பார்டாக்காரர்கள், 'வருகிறோம், ஆனால் பௌர்ணமி கழியாமல் கிளம்பக்கூடாது, வழக்கம்' என்றார்கள். கார்னேயா என்ற நோம்பிதான் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது சாக்குப்போக்கு மாதிரி தெரியும், நமக்குத் தெரியாதா என்ன? மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் எங்கள் அம்மாயி யாரையும் வெளியூரில் ராத்தங்க விடமாட்டார். கல்யாண வீடாக இருந்தாலும் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்தாக வேண்டும். எனவே ஸ்பார்டாக்காரர்கள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பௌர்ணமி முடிந்ததும் 2,000 பேர் மூன்றே நாளில் விரைந்து வந்தார்கள், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஏதென்ஸ் பக்கம் 192 பேர் இறந்தார்கள், பாரசீகர் பக்கம் 6,400 என்பது ஹெரடோட்டஸ் கணக்கு. வந்தவர்கள் களத்தைச் சுற்றிப் பார்த்து, நன்றாகச் செய்தீர்கள் என்று பாராட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

கடலுக்கே சாட்டையடி கொடுத்த ராஜா இந்தச் சண்டையில்தானா? (காங்கேயத்திலிருந்து)

ஆமாம், டேரியஸின் மகன் செர்க்சஸ். ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஜலசந்தியில் கட்டிய பாலத்தைப் புயல் பிய்த்துப்போட, தண்ணீருக்கு 300 அடி. எல்லாரும் இந்த அடியையே பேசுகிறார்கள், எனக்குப் பிடித்தது அடுத்த பாலம். 360 கப்பல் ஒரு வரிசை, 314 கப்பல் ஒரு வரிசை, நாரிலும் பப்பைரஸ் கோரையிலும் திரித்த வடங்களால் கட்டி, மேலே பலகை அடுக்கி, சுள்ளி போட்டு, மண் கொட்டி மிதித்து, கடைசியில் இரண்டு ஓரமும் வேலி அடைத்திருக்கிறார்கள். வேலி எதற்கு? குதிரையும் மாடும் கீழே கடலைப் பார்த்து மிரளாமல் இருக்க. வாய்க்கால் பாலத்தில் காளையை ஓட்டிப் போனவர் யாரோ அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார்.

300 பேர் மட்டும்தான் பாரசீகப் படையைத் தடுத்தார்களா? படத்தில் பார்த்தேன். (பொள்ளாச்சியிலிருந்து)

இல்லை. கி.மு. 480, தெர்மோபைலே கணவாய். கிரேக்கர்கள் ஏறக்குறைய 7,000 பேர். காட்டுப்பாதையை எபியால்டிஸ் என்ற உள்ளூர்க்காரன் பாரசீகருக்குக் காட்டிக்கொடுத்த பிறகு பெரும்பாலோர் திரும்பிப் போக, ஸ்பார்டா ராஜா லியோனிடஸோடும் அவருடைய 300 பேரோடும் நின்றவர்களில் தெஸ்பியே என்ற சின்ன ஊரின் 700 பேரும் உண்டு. அவர்களும்தான் செத்தார்கள், படம் எடுக்கத்தான் ஆளில்லை.

அந்தப் படையில் இந்தியர்களும் இருந்தார்களாமே? (திருப்பூரிலிருந்து)

இருந்தார்கள், அதுவும் பருத்தித் துணி உடுத்திக்கொண்டு. உங்கள் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! மரத்தில் விளையும் கம்பளியால் நெய்த உடை, நாணல் வில், இரும்பு முனை வைத்த நாணல் அம்பு என்று ஹெரடோட்டஸ் எழுதுகிறார். இந்தியாவில் மரத்தில் காய்க்கும் கம்பளி ஆட்டு ரோமத்தைவிட அழகு என்றும் இன்னோரிடத்தில் வியக்கிறார். ஆனால் அவர்கள் பாரசீகருக்குக் கப்பம் கட்டிய சிந்து நதிப் பக்கத்து ஆட்கள், நம்மவர் இல்லை.

போரின் திருப்புமுனை என்று எதைச் சொல்வீர்கள்? (நாமக்கல்லிலிருந்து)

எல்லாரும் சலாமிஸ் கடற்போர் என்பார்கள். நான் அதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்த ஒரு பங்குத் தகராறைச் சொல்வேன். ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியம் சுரங்கத்தில் வெள்ளி நிறையக் கிடைத்தது. ஊர்ப் பொதுப்பணம், தலைக்குப் பத்து டிராக்மா (அவர்கள் வெள்ளிக்காசு) பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. தெமிஸ்டோக்ளிஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் எழுந்து, பிரிக்க வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்றார். கைக்கு வரும் காசை வேண்டாம் என்று ஒரு ஊரையே சொல்லவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது சொசைட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பாரசீகரைக் காட்டிக்கூட அவர் பயமுறுத்தவில்லை, எதிரே இருந்த ஏஜினா தீவோடு இருந்த பழைய பகையைச் சொல்லியே காரியத்தை முடித்தார்.

ஹெரடோட்டஸ் கணக்கில் 200 கப்பல். ஒன்றுக்கு 170 துடுப்புக்காரர்கள், பெரும்பாலும் கவசம் வாங்க வக்கில்லாத ஏழைகள். செர்க்சஸ் ஏதென்ஸைக் கொளுத்திவிட்டார், ஊரே காலியாகிக் கப்பலேறியிருந்தது. அதற்கப்புறம் சலாமிஸின் குறுகலான நீர்ப்பரப்பில் பாரசீகக் கப்பல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மூழ்கியதை அவர் கரையில் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வருடம் பிளாட்டியாவில் தரைப்படையும் தோற்றது.

அப்போ பாரசீகர்கள்தான் வில்லனுங்களா? (ஈரோட்டிலிருந்து)

அப்படிச் சொல்ல முடியாதுங்க. தீப்ஸ், தெஸ்ஸாலி என்று கிரேக்க ஊர்களே பாரசீகர் பக்கம் நின்றன. நாம் படிப்பதெல்லாம் கிரேக்கர் எழுதியது. செர்க்சஸின் கல்வெட்டில் யௌனா தன் குடிகள் என்று பட்டியலில் வருகிறது, சலாமிஸ் பற்றி மூச்சே இல்லை.

தெமிஸ்டோக்ளிஸ் கதை தெரியுமா? ஜெயித்துக்கொடுத்தவரை ஏதென்ஸ்காரர்களே ஓட்டுப் போட்டு ஊரைவிட்டு அனுப்பினார்கள். பிறகு துரோகி என்றும் பழி விழ, ஓடி ஓடிக் கடைசியில் போய் நின்றது செர்க்சஸின் மகன் அரண்மனையில். ஒரே வருடத்தில் பாரசீக மொழி கற்றுக்கொண்டார். ராஜாவும் அவருக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்தார்: ரொட்டிக்கு மக்னீசியா, திராட்சை மதுவுக்கு லாம்ப்சாகஸ், தொட்டுக்கொள்ள மையூஸ்.