மலேசியாவில் ரயில்வே தொழிலாளர் சங்கம் உண்மையில் எதையாவது சாதித்ததா?

சாதித்தது. நாள் கூலிக்காரர்களை மாதச் சம்பளக்காரர்கள் ஆக்கியது. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் நாள் கூலிக்கு வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் குளுவாங். சுற்றிலும் தோட்டங்கள், முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை (பாமாயில் மரம்). வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஸ்டேஷன் என்றால் காப்பிக்கடைதான் ஞாபகம் வரும். (அங்கே ரொட்டி பக்கார், அதாவது சுட்ட ரொட்டி, பிரபலம்.) எங்கள் வீட்டில் ஸ்டேஷன் என்றால் தாத்தா. அவர் தண்டவாள கேங்கில் இருந்தார். விடியும் முன்பே நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு லைனில் நடப்பார். சிலிப்பர் கட்டையில் ஆணி எழும்பியிருந்தால் அடித்து இறக்க வேண்டும், போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்க வேண்டும். அந்தக் காலத்து ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் நாற்காலிகளில் யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர். தண்டவாளத்தில் குனிந்து நின்றவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போன நம் ஆட்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினார்கள், ஆனால் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை என்பார் தாத்தா.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாள் கூலி என்றால் தினமும் சாயங்காலம் கையில் காசு கொடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. பணம் மாதக் கடைசியில்தான் வரும், கணக்குத்தான் நாள் கணக்கு. வேலைக்கு வந்த நாளுக்குக் காசு, வராத நாளுக்கு இல்லை. பக்கத்து மேசையில் இருக்கும் மாதச் சம்பளக்காரருக்கு இந்தப் பயம் கிடையாது. ஒரே ரயில்வே, இரண்டு ஜாதி.

இதை மாற்றச் சொல்லித்தான் மலாயா ரயில்வே தொழிலாளர் சங்கம் 1962 டிசம்பர் கடைசியில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சுமார் 14,000 பேர், 22 நாள். தமிழர், மலாய்க்காரர், சீனர், சீக்கியர் என்று எல்லாரும் இருந்தார்கள். 1963 பொங்கலை ஒட்டி முடிந்தது. வேலைநிறுத்தம் என்றால் கொடி, கோஷம் என்று கற்பனை செய்வோம். பாட்டி சொன்னதில் அதெல்லாம் இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் இருந்தது. "ஜப்பான்காரன் காலத்துக்கு அப்புறம் அவ்வளவு கிழங்கு அப்பத்தான் தின்னோம்" என்பார். தோட்டத்தில் இருந்த அவர் தம்பி சைக்கிளில் கீரையும் முட்டையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவாராம்.

அப்புறம் 555 புத்தகம். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சட்டைப்பையில் அடங்கும் சின்னக் கடன் நோட்டு. மளிகைக்கடைச் சீனத் தவுக்கே (முதலாளி) எங்கள் நோட்டில் அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் என்று தன் எழுத்தில் எழுதுவார், நமக்கு எண் மட்டும்தான் புரியும். வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வாரம் ஆனதும் இனி தரமாட்டார் என்று பாட்டி பயந்திருக்கிறார். தவுக்கே ஒன்றும் பேசவில்லையாம், இரண்டாவது நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாராம். அவர் கணக்கும் ரயில்வேச் சம்பளத்தை நம்பித்தானே ஓடியது! மாதச் சம்பளத்துக்கு மாறிய பிறகு தாத்தா முதலில் கவனித்த மாற்றம் அந்தக் கடையில்தான். கடனுக்கு மிதிவண்டி வேண்டுமா என்று தவுக்கேயே கேட்டாராம்.

சரி, அதற்கு அப்புறம் ஏன் அப்படி ஒரு ரயில் வேலைநிறுத்தம் நடக்கவில்லை? என் கருத்தில் முக்கியக் காரணம் சட்டம்தான். 1965இல் அவசரகால விதிகள் மூலம் அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தத்துக்குத் தடை வந்தது. பிறகு 1967 தொழில் உறவுச் சட்டம். போக்குவரத்து அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் இருப்பதால், நோட்டீஸ் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அமைச்சர் தகராறைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால், அதன் பிறகு வேலையை நிறுத்துவது சட்டவிரோதம். சங்கம் இருக்கும், கடிதம் எழுதும், கூட்டு ஒப்பந்தம் பேசும், ஆனால் வண்டியை நிறுத்த முடியாது. 1992இல் அரசுத் துறையாக இருந்த ரயில்வே தனி நிறுவனமாக மாறியது வேறு. சங்கத்தில் தலைவர்கள் சோடை போய்விட்டார்கள் என்று திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பஸ், லாரிக்காரர்களுக்குத் தனியாகப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் இருந்தது. அதன் பொதுச்செயலாளர் வி. டேவிட் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார், 1987இல் ஓப்பராசி லாலாங் என்ற பெயரில் அரசு பலரை விசாரணை இல்லாமல் பிடித்து அடைத்தபோது உள்ளே போனவர்களில் ஒருவர். அந்தக் கதை எனக்குக் கேள்வி ஞானம்தான். யாராவது பஸ் கண்டக்டர் வீட்டுப் பிள்ளை எழுதினால் நன்றாக இருக்கும்.

கீரை கொண்டுவந்த பாட்டியின் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். தோட்டத்துக்கும் சங்கம் இருந்தது, 1954இலேயே பல தோட்டச் சங்கங்கள் ஒன்றாகி ஒரே தேசியச் சங்கமாக ஆகிவிட்டன. ஆனால் மாதச் சம்பளம் மட்டும் அவருக்கு வரவே இல்லை. மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. ஓய்வு பெறும்வரை காலையில் எழுந்ததும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார். அதே மழையில் தாத்தா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு லைனுக்குக் கிளம்பிவிடுவார்.