ஐபோன் 4-ஐக் கையில் பிடித்தால் சிக்னல் ஏன் விழுந்தது?

2010 ஜூனில் வந்த ஐபோன் 4-இல், விளிம்பைச் சுற்றி ஓடும் ஸ்டீல் பட்டைதான் ஆன்டெனா. இடது பக்கம் கீழே மெல்லிய கருப்புக் கோடு ஒன்று இருக்கும். இரண்டு ஆன்டெனாக்களைப் பிரிக்கும் இடைவெளி அது. இடது கையால் பிடித்தால் உள்ளங்கை சரியாக அங்கேதான் படியும். தோல் மின்சாரத்தைக் கடத்துமே, இரண்டும் சேர்ந்துகொண்டு சிக்னல் விழும். டவர் பக்கத்தில் என்றால் தெரியாது. சிக்னல் சுமாரான இடத்தில் போன் கால் கட்டாகிவிடும்.

ஆப்பிள் முதலில் ‘அப்படிப் பிடிக்காதீர்கள்’ என்றது. (வாங்கினவன் கைமேல் பழி!) அப்புறம் சிக்னல் கோடுகளைக் காட்டும் கணக்கே தப்பு என்று மென்பொருளை மாற்றியது; கோளாறு அப்படியேதான் இருந்தது. ஜூலை 16-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் இலவச உறை அறிவித்தார். கை உலோகத்தில் படாததால் அது நன்றாகவே வேலை செய்தது. போனே வேண்டாம் என்பவர்கள் 30 நாளுக்குள் திருப்பித் தந்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.