குளிர்பானப் பெட்டியும் மீட்டர் காசும்: யாங்கோன் கடைக்காரர்களுக்குப் பதில்கள்

இருபத்தாறு வருடமாக பிரிட்ஜ், ஐஸ் மெஷின் வேலை பார்க்கிறேன். நம்ம குழுவில் கடை வைத்திருப்பவர்கள் கண்ணாடிக் கதவு கூலர் பற்றித் தினமும் கேட்பதால், இன்று மாலை முழுதும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கலர், சோடா, தண்ணீர் வைக்கிற பெட்டிகள் பற்றி மட்டும் கேளுங்கள். வீட்டு ஏசி பற்றி இன்னொரு நாள் பேசலாம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் பேட்டை அல்லது ஊர்ப் பெயர்.

தாமுவே, மளிகைக் கடை: அண்ணே, போன வருடம் வந்ததைவிட மீட்டர் காசு கூட வருகிறது. அதே பெட்டி, அதே வியாபாரம். கேஸ் குறைந்திருக்குமா?

கேஸைப் பற்றி நினைக்கும் முன்னால் கீழே இருக்கிற கிரில்லைக் கழற்றிப் பாருங்கள். போன வாரம் ஒரு கடையில் நான் கழற்றியபோது கண்டன்சர் தகடே கண்ணுக்குத் தெரியவில்லை. வடை எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து கம்பளிப் போர்வை மாதிரி ஒட்டியிருந்தது. விரலால் இழுத்தால் ஒரே பாயாக உரிந்து வந்தது. உள்ளேயிருந்து எடுத்த சூடு வெளியேறும் ஒரே வழி அந்தத் தகடுதான். அதை அடைத்துவிட்டால் கம்ப்ரசருக்கு அழுத்தம் ஏறும், ஓய்வே இல்லாமல் ஓடும். பெட்டிக்குப் பின்னால் ஒரு சாணாவது இடம் விடுங்கள்.

அடுத்தது கதவு ரப்பர். ஒரு கியாட் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடிமானமே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அப்புறம் கேஸைப் பற்றிப் பேசலாம்.

கமாயுட், ஜூஸ் கடை: 2 டிகிரியில் வைத்தால்தான் ஜில்லென்று இருக்கும் என்கிறார்கள். சரியா?

4 போதும், 5 இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெளியே 32, உள்ளே 2 என்றால் வித்தியாசம் 30 டிகிரி. உள்ளே 5 வைத்தால் 27. சுவர் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் நுழைகிற சூடு பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

சௌத்தான், திருவிழாக் கடை: கதவைத் திறந்து திறந்து மூடுவதால்தான் கரண்ட் போகிறதா? பசங்களைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன்.

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே சொல்கிறேன்.

400 லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்று அரை கிலோதான். அது முழுக்க மாறினால் 32 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க 13 கிலோஜூல் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் நம்ம ஊர்க் காற்றோ தண்ணீரோடு வருகிறது. 75 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த அரை கிலோ காற்றிலிருந்து எட்டு கிராம் தண்ணீர் உள்ளே படியும். அதற்கே இன்னொரு 20 கிலோஜூல். ஆக, காற்றின் சூட்டைவிட அதிலிருக்கிற ஈரத்துக்குத்தான் செலவு அதிகம். பனி படிவதும் இந்த ஈரத்தால்தான்.

நூறு தடவை முழுக் காற்றும் மாறினால் ஒரு யூனிட் அளவு சூடு உள்ளே போகும். கம்ப்ரசர் ஒரு பங்கு கரண்டுக்கு இரண்டு பங்கு சூட்டை வெளியேற்றும் என்று வைத்துக்கொண்டால் செலவு அரை யூனிட். இப்போது இதைப் பாருங்கள்: அரை லிட்டர் பாட்டில் நூறு, வெளிச் சூடான 32 டிகிரியில் இருப்பதை அப்படியே அடுக்கினால் 50 கிலோ தண்ணீரை 28 டிகிரி இறக்க வேண்டும். அதற்கு 1.6 யூனிட் சூடு, கரண்ட் 0.8 யூனிட். அதனால் பசங்களைத் திட்டுவதோடு, சரக்கு வந்ததும் பெட்டிகளை நிழலில் வைக்கச் சொல்லுங்கள். லாரியிலிருந்து இறங்கிய சூட்டோடு 40 டிகிரியில் பாட்டிலை உள்ளே வைத்தால் அந்தக் கூடுதல் எட்டு டிகிரியையும் நீங்கள் காசு கொடுத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

பாசுண்டாங், பெட்டிக்கடை: ராத்திரி கடை மூடும்போது பெட்டியை அணைத்துவிட்டுப் போகலாமா?

கலர், சோடா, தண்ணீர் மட்டும் இருந்தால் அணைக்கலாம், கரண்ட் மிச்சம்தான். பால், தயிர், மோர் ஏதாவது இருந்தால் அணைக்கவே கூடாது.

அதே கேள்விக்கு, இன்சீன் நண்பர்: தப்பான தகவல். காலையில் திரும்பக் குளிர வைக்க இரட்டிப்புக் கரண்ட் இழுக்கும். என் மாமாவும் மெக்கானிக்தான், அவர் சொன்னது.

மாமா மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஓட்டைப் பானையை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டே இருந்தால் வேகமாக ஒழுகும். மட்டம் இறங்க இறங்க ஒழுகலும் மெதுவாகும். காலையில் நிரப்ப வேண்டியது ராத்திரி ஒழுகிய அளவுதான், அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. குளிரும் அப்படித்தான். அணைத்த பெட்டி மெல்லச் சூடேற ஏற, உள்ளே நுழைகிற சூடு குறைந்துகொண்டே வரும்.

இன்சீன் நண்பர்: நானே மீட்டரைப் பார்த்தேன் அண்ணே. காலையில் போட்டதும் நிற்காமல் ஓடியது.

ஓடத்தான் செய்யும் தம்பி. அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்தீர்கள், ராத்திரி எட்டு மணி நேரம் அது சும்மா இருந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு ராத்திரி அணைத்து, இரண்டு ராத்திரி அணைக்காமல், காலை ஒன்பதிலிருந்து மறுநாள் ஒன்பது வரை எண்ணைக் குறித்துவிட்டு வாருங்கள். இந்த நான்கு நாளும் சரக்கு ஒரே அளவாக ஏற்றுங்கள்.

திங்கன்ஜூன், டீக்கடை: நீங்கள் இரண்டு பேரும் எந்த ஊரில் இருக்கிறீர்கள்? எங்கள் பேட்டையில் கரண்ட் முறை வைத்து வருகிறது. ராத்திரிதான் ஒழுங்காக இருக்கிறது. அப்போது அணைத்தால் பகலில் எதை விற்பது?

அக்கா கேட்டது சரி. ராத்திரி அணைக்கலாம் என்று நான் சொன்னது பகலெல்லாம் கரண்ட் இருக்கும் கடைக்கு. உங்களுக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும். ராத்திரி நன்றாகக் குளிர விடுங்கள், பெட்டியை இடைவெளியோடு நிரப்பி வையுங்கள். குளிர்ந்த பாட்டில்கள்தான் உங்கள் பேட்டரி. 40 லிட்டர் பானம் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்கு ஏறுவதற்குள் 1,000 கிலோஜூல் சூட்டை வாங்கிக்கொள்ளும். மூன்றே மூன்று கிலோ ஐஸ் உருகினாலும் அதே அளவு வாங்கும். அதனால் வீட்டு ஃப்ரீசரில் பிளாஸ்டிக் பாட்டிலில் உறைய வைத்த தண்ணீர் நாலைந்து கொண்டுவந்து மேல் தட்டில் வையுங்கள். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். கரண்ட் போன நேரத்தில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள், பெட்டியில் பலவீனமான சுவர் கண்ணாடிதான்.

இன்னொன்றும் உண்டு. கரண்ட் வந்ததும் பெட்டியை உடனே போடாதீர்கள். உள்ளே அழுத்தம் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதற்குள் போட்டால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகும், வோல்டேஜும் குறைவாக இருந்தால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும். டைமர் உள்ள சேஃப்கார்ட் (வோல்டேஜ் பாதுகாப்புப் பெட்டி) வாங்கி மாட்டுங்கள்.

பெகு: இன்வெர்ட்டர் கூலர் என்றால் கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுமா?

இல்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்பது வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கம்ப்ரசர். நின்று நின்று கிளம்பாமல் மெதுவாகத் தொடர்ந்து ஓடுவதால் செலவு குறைகிறது. பேட்டரி இன்வெர்ட்டர் வேறு பொருள்.

தன்லின்: இன்வெர்ட்டர் பெட்டி வாங்கினால் கரண்ட் இல்லாத நேரத்தில்…

மேலே சொல்லிவிட்டேன். படித்துப் பாருங்கள்.

மொகல் தெரு: ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. டிரான்ஸ்பார்மர் வேண்டும், அது பெட்டி நின்றிருக்கும்போதும் சூடாகிக்கொண்டே கரண்ட் தின்னும். அங்கே கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. பெட்டியின் விவரத் தகட்டில் 60 மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், நம்ம 50 ஹெர்ட்ஸில் மோட்டார் அதிக கரண்ட் இழுத்துச் சூடேறும். 50/60 என்று இருந்தால் உள்ளே விசிறியைப் பாருங்கள். பழைய விசிறி மோட்டார் 30 வாட் என்றால் ஒரு நாளைக்கு 0.72 யூனிட், அது உள்ளே விடும் சூட்டை வெளியேற்ற இன்னொரு 0.36. பத்து வாட் ஈசி (EC) மோட்டார், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கிற எலக்ட்ரானிக் மோட்டார், மாற்றினால் இதில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். குழல் விளக்கை எல்இடி ஆக்குவதும் இதே கணக்கு.

ஒருவர்: மழைக்காலத்தில் கண்ணாடி வியர்க்கிறது. கம்பெனிக் குறையா?

குறை இல்லை. 32 டிகிரி, 75 சதவீத ஈரம் என்றால் 27 டிகிரிக்குக் கீழே எது இருந்தாலும் வியர்க்கும். ஒற்றைக் கண்ணாடி என்றால் ஒழுகவே செய்யும். வாங்கும்போது இரட்டைக் கண்ணாடி கேளுங்கள்.

ஒரு இளம் மெக்கானிக்: ஆர்290 கேஸ் பெட்டிகள் கரண்ட் குறைவாக இழுப்பது உண்மையா? பழைய 134ஏ கேஸ் பெட்டியில் அதை ஏற்றலாமா?

முதல் கேள்விக்கு, ஆமாம், நல்ல கேஸ்தான். கரண்ட் தவிர, பூமியைச் சூடாக்குகிற கணக்கிலும் (கரியமில வாயுவை 1 என்று வைத்தால்) 134ஏ 1,430, ஆர்290 வெறும் 3. இப்படிச் சூடாக்குகிற கேஸ்களைக் குறைக்க நாடுகள் செய்த 2016 கிகாலி ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகமே அந்தப் பக்கம்தான் போகிறது.

இரண்டாவதற்கு, கூடாது தம்பி. அது புரொப்பேன், அடுப்பு கேஸ் இனம். குளிர்சாதனத்துக்கு வருவதில் வாசனையும் சேர்ப்பதில்லை, கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. அதற்கென்று செய்த பெட்டியில் தீப்பொறி வராத சுவிட்ச் இருக்கும், கேஸும் கிராம் கணக்கில்தான் இருக்கும். 150 கிராம் என்பதுதான் வெகுகாலம் உலகத் தர வரம்பு, 2019-இல்தான் 500 வரை உயர்த்தினார்கள். பழைய பெட்டியில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆர்290 என்று எழுதிய பெட்டிக்கு அருகே, கேஸ் முழுதும் வெளியேறிக் காற்றோட்டம் வரும் முன் ஊதுவிளக்கைக் கொளுத்தாதே. எனக்குத் தெரிந்த ஒரு பையனின் புருவம் கருகியதோடு போனது, ஒரு அடி கிட்டே இருந்திருந்தால் கண் போயிருக்கும்.

தட்டோன்: எந்தக் கம்பெனி நல்லது? — இன்னொருவர்: எந்த பிராண்ட் வாங்கலாம்? — மற்றொருவர்: நல்ல கம்பெனி சொல்லுங்கள்.

மூன்று பேருக்கும் ஒரே பதில். பெயரை விடுங்கள். 24 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட், எந்த வெளிச் சூட்டில் அளந்தது என்று கேளுங்கள். 25 டிகிரியில் அளந்த எண் ஏப்ரல் மாத யாங்கோனுக்கு உதவாது. ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டிகளில் 2021 மார்ச்சிலிருந்து ஏ (குறைந்த செலவு) முதல் ஜி (அதிகச் செலவு) வரை லேபிள் ஒட்டியிருக்கும், இருந்தால் பாருங்கள்.

மோல்மேன், டீக்கடை: கேஸ் குறைந்துவிட்டது போலிருக்கிறது அண்ணே, குளிரவே…

கண்டன்சரைத் துடைத்தீர்களா?

அதே மோல்மேன்காரர், ஒரு மணி நேரம் கழித்து: துடைத்தேன் அண்ணே. ஒரு பக்கெட் தூசி. இப்போது அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. இனி எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்யணும்?

நிற்கிறது என்றால் வேலையை முடித்துவிட்டு ஓய்வெடுக்கிறது என்று அர்த்தம். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. எண்ணெய்ச் சட்டி உள்ள கடைக்கு மாதம் ஒருமுறை, மற்றவர்களுக்கு மூன்று மாதம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தகடு நிற்கிற திசையிலேயே மேலிருந்து கீழே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். மடங்கியது இருந்தால் பழைய சீப்பால் நிமிர்த்துங்கள்.