காற்றில் இருக்கும் ஈரம் பல்லியின் தாகத்தைத் தீர்க்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் பல்லி, ஓணான், அரணை வகைகளை வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது தீனியைப் பற்றித்தான். ஆனால், "ரெண்டு நாளா சோர்ந்து கிடக்கு" என்று பதறிக்கொண்டு படம் அனுப்புகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்டால் பெரும்பாலும் தண்ணீரில் போய்த்தான் நிற்கும். அதனால் இந்த முறை தண்ணீரைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொன்னேன். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எந்த இனம் என்று சொல்லாமல் கேட்டவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பாலைவனத்துப் பிராணிக்குச் சொல்வதை மழைக்காட்டுப் பிராணிக்குச் செய்தால் ஆபத்து.

கேள்வி (செந்தூல், கல்லூரி மாணவி): அக்கா, என்கிட்ட லெப்பர்ட் கெக்கோ இருக்கு. தண்ணிக் கிண்ணம் வெச்சிருக்கேன், ஆனா அது குடிச்சு நான் பாத்ததே இல்ல. தொட்டியில ஈரமானி 75 காட்டுது. காத்துலயே இவ்ளோ ஈரம் இருக்குறதால தண்ணி தேவைப்படாதுன்னு கடையில சொன்னாங்க. சரியா?

சரியில்லை மா. பல்லியின் தோல் செதில் மூடியது, காற்றில் இருக்கும் ஈரத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளாது. காற்று ஈரமாக இருந்தால் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறுவது குறையும், அவ்வளவுதான். உள்ளே போக வேண்டிய தண்ணீர் வாய் வழியாகத்தான் போக வேண்டும், குடித்தோ தின்றோ.

நீங்கள் பார்க்காததற்குக் காரணம், லெப்பர்ட் கெக்கோ இருட்டிய பிறகு நடமாடும் பிராணி. நீங்கள் தூங்கின பிறகு வந்து நாக்கால் நக்கிக் குடித்துவிட்டுப் போகும். கிண்ணம் ஆழம் குறைவாக இருக்கட்டும், சூடு படாத மூலையில் இருக்கட்டும், தினமும் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள்.

குடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எச்சத்தைப் பாருங்கள். நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லியின் எச்சம் எல்லாரும் துடைத்ததுதானே? கறுப்பாக ஒரு துண்டு, அதன் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு. அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். நம்மைப் போலத் தண்ணீராகக் கழித்தால் உடம்பில் இருக்கும் கொஞ்சத் தண்ணீரும் போய்விடும் என்பதால், கழிவை யூரிக் அமிலமாக்கிக் கெட்டியாக வெளியே தள்ளுகிறது. டிஷ்யூவால் அந்த வெள்ளையை அழுத்திப் பாருங்கள். ஈரமாக நசுங்கிப் பரவினால் பயமில்லை. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்து, மணல் போல நொறுங்கினால் தண்ணீர் பற்றவில்லை. ஒரு நாள் அப்படி இருந்தால் கவனியுங்கள், தொடர்ந்து அப்படியே இருந்தால் ஏதாவது செய்தாக வேண்டும்.

75 என்பதும் உங்கள் பிராணிக்கு அதிகம். அது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி. 30 முதல் 40 விழுக்காடு போதும். கோலாலம்பூரில் அந்த அளவுக்கு இறக்குவது கஷ்டம்தான். மூடியை வலையாக்குங்கள், தரைக்குத் தேங்காய் நார் போடாமல் டைல் அல்லது கிச்சன் பேப்பர் போடுங்கள். ஆனால் தோல் உரிக்க மட்டும் ஈரமான ஓர் இடம் வேண்டும். மூடியுள்ள சின்ன டப்பாவில் தலை நுழைகிற அளவு ஓட்டை போட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசியையோ பேப்பரையோ வைத்து, சூடான பக்கத்தில் வையுங்கள். தொட்டி காய்ந்திருக்க, டப்பா மட்டும் ஈரமாக இருக்கும். எப்போது எங்கே போக வேண்டும் என்பது அதற்கே தெரியும்.

கேள்வி (கெப்போங், இரண்டு பிள்ளைகளின் அப்பா): பையனுக்கு பியர்டட் டிராகன் வாங்கிக் கொடுத்தேன். கிண்ணத்துப் பக்கமே போகாது. ஒரு நாளைக்கு மூன்று முறை தொட்டி முழுக்க ஸ்பிரே அடிக்கச் சொன்னார்கள். அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, இன்றைக்கே நிறுத்துங்கள். அது ஆஸ்திரேலியாவின் உலர்ந்த உள்நாட்டுப் பிராணி. நம் ஊர்க் காற்றே அதற்கு அதிக ஈரம். அதற்கு மேல் ஸ்பிரே அடித்தால் தரை பூஞ்சை பிடிக்கும், பிராணிக்கு நெஞ்சுச் சளி வரும். வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் க்ளிக் க்ளிக் என்று சத்தம் எல்லாம் அதன் அடையாளம். விளக்குச் சூட்டில் படுத்திருக்கும்போது வாயைத் திறப்பது சாதாரணம். குளிர்ந்த பக்கத்திலும் திறந்தே வைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அசையாமல் நிற்கும் தண்ணீரைப் பல பியர்டட் டிராகன்கள் தண்ணீர் என்று உணர்வதே இல்லை. அதனால் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விடுங்கள். டிராப்பர், ஊசியில்லாத சிரிஞ்சு, எதுவானாலும் சரி. சொட்டு உதட்டுக்கு வழிந்ததும் நாக்கை நீட்டும். நக்க நக்க அடுத்த சொட்டை விடுங்கள். தலையைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம். பையனையே செய்யச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் பழக்கமாகிவிடும்.

கீரையைக் கழுவி, தண்ணீரை உதறாமல் அப்படியே வையுங்கள். பாசாரில் கிடைக்கும் சாவி என்கிற கடுகுக் கீரை நல்லது. மருந்து அடிக்காத செம்பருத்திப் பூவும் இலையும் மிக நல்லது, இந்த நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. பசலை வகைகளைத் தினமும் போடாதீர்கள், அதில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். அவகாடோ கூடவே கூடாது.

கேள்வி (அதே வீட்டுப் பையன்): குளிக்க வெச்சா பின்பக்கமா தண்ணியை உறிஞ்சிக்கும்னு வீடியோல சொன்னாங்க ஆண்ட்டி. உண்மையா?

பலரும் சொல்கிறார்கள் தம்பி, ஆனால் அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. குளிக்கும்போது தலையைத் தாழ்த்திக் குடிக்கிறது பார், அதுதான் உள்ளே போகிற தண்ணீர். குளியலால் எச்சம் எளிதாக வரும், உரிகிற தோல் இளகும், அதனால் வாரம் ஒரு முறை குளிக்க வைக்கலாம். தண்ணீர் 30 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பாக, அதன் தோள் உயரத்துக்கு மேல் போகாமல், 15 நிமிடம். அந்த நேரம் முழுக்க நீ பக்கத்தில் இருக்க வேண்டும். எச்சம் போட்டால் உடனே தண்ணீரை மாற்று. முடிந்ததும் துடைத்து, சூடான இடத்தில் விடு.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை: சமையலறை சிங்க்கில் குளிப்பாட்ட வேண்டாம். பல்லி இனங்கள் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாகவே இருக்கும், நமக்குத்தான் வயிற்றைப் பதம் பார்க்கும். அதற்கென்று தனி பேசின், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு): ஏமன் பச்சோந்தி வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கிண்ணத்துத் தண்ணீர் குறையவே இல்லை. கண் கொஞ்சம் உள்ளே போனது போல இருக்கிறது.

கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து அது குடிக்கப் போவதில்லை. பச்சோந்தி இலையில் உருளும் சொட்டைப் பார்த்துத்தான் குடிக்கும். பிளாஸ்டிக் குவளையின் அடியில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, கூண்டின் மேல் வலையில் வைத்து, கீழே அகலமான இலை இருக்கிறபடி பாருங்கள். இரண்டு மூன்று நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் போதும். வழிகிற தண்ணீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு வேண்டும், இல்லையென்றால் கூண்டு சேறாகிவிடும்.

விளக்கு போடுவதற்கு முன் விடியலிலும், அணைத்த பிறகு இரவிலும் இரண்டு நிமிடமாவது தெளியுங்கள். முதலில் ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்களைப் புடைக்க வைத்து உருட்டும், அது கண் கழுவுகிறது. அதற்குப் பிறகுதான் குடிக்கத் தொடங்கும். அந்த நேரம் வரும் முன்பே தெளிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. தெளித்தது அடுத்த தெளிப்புக்குள் காய்ந்துவிட வேண்டும். கடற்கரைக் காற்று வரும் பினாங்கில் வலைக் கூண்டாக இருந்தால் அது தானாக நடக்கும், கண்ணாடித் தொட்டியில் நடக்காது.

கண் உள்ளே போயிருப்பது நல்ல அறிகுறி இல்லை. இரண்டு நாள் இப்படிக் கொடுத்தும் சரியாகவில்லை என்றால், அல்லது பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டிருந்தால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி (செராஸ், கொண்டோவில் இருப்பவர்): கிரெஸ்டட் கெக்கோவுக்காக நாள் முழுக்க ஏர்கோன் போட்டு 24 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஆனால் போன முறை தோல் உரித்தபோது விரல்களில் ஒட்டிக்கொண்டது.

சூட்டைப் பொறுத்தவரை நீங்கள் செய்வது ரொம்பச் சரி. நியூ கலிடோனியாத் தீவிலிருந்து வந்தது அது. அழிந்தே போய்விட்டது என்று நினைத்து, 1994-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். 28 டிகிரிக்கு மேல் போனால் தவிக்கும். ஆனால் ஏர்கோன் அறையைக் குளிர்விக்கும்போதே காற்றில் இருக்கும் ஈரத்தையும் பிழிந்து குழாய் வழியாக வெளியே சொட்ட விடுகிறது. வெளியே 80 விழுக்காடு ஈரம் இருக்க, உங்கள் அறையில் அதைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும். அதனால்தான் இந்த ஊரில் இருந்துகொண்டே அதன் தோல் காய்கிறது.

இரவு விளக்கணைத்ததும் கண்ணாடியும் இலைகளும் நனையத் தெளியுங்கள். ஈரமானி 80 வரை ஏறி, காலைக்குள் 50, 60-க்கு இறங்கட்டும். கண்ணாடியில் நிற்கும் சொட்டுகளை அது நக்கிக் குடிக்கும். ஏர்கோன் காற்று நேராகத் தொட்டி மேல் படக் கூடாது.

ஒட்டியிருக்கும் தோலைப் பிய்க்காதீர்கள். காற்று போக ஓட்டையுள்ள டப்பாவில் ஈரத் துணி விரித்து, 20 நிமிடம் உள்ளே விடுங்கள். பிறகு ஈரமான காட்டன் பட்ஸால் விரலடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல உருட்டுங்கள். வராவிட்டால் நாளை மறுபடி செய்யுங்கள். ஆனால் வாரக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். காய்ந்த தோல் வளையமாக இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், விரலே போய்விடும். வால் நுனியையும் பாருங்கள்.

கேள்வி (அம்பாங்): தண்ணீர்த் தடை வந்தால் மினரல் வாட்டர் கொடுக்கலாமா? சத்துக்கு ஐசோடோனிக் பானம்?

மினரல் வாட்டர் கொடுக்கலாம். ஐசோடோனிக் வேண்டாம், மனிதனுக்கான சர்க்கரை அதில். தடை முடிந்து குழாய் திறக்கும்போது முதலில் வரும் கலங்கல் தண்ணீரை ஓடவிட்டு, தெளிந்ததைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், பெரியவர் ஒருவர்): பேரன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டான், அவன் விட்டுப்போன இகுவானாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. கண் குழி விழுந்திருக்கிறது. எச்சத்தில் வெள்ளை, மஞ்சள் கட்டியாக வருகிறது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றட்டுமா?

ஐயா, ஊற்றாதீர்கள். அதன் மூச்சுக்குழாய் வாசல் நாக்கு தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது, வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். தீனியும் திணிக்காதீர்கள். வற்றிய உடம்பால் செரிக்க முடியாது, தண்ணீர்தான் முதலில்.

நீங்கள் சொன்ன மூன்றும் ஒன்றாக இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, இன்றே மருத்துவரிடம் போங்கள். யூரிக் அமிலம் வெளியேறத் தண்ணீர் இல்லாவிட்டால் மூட்டுகளிலும் சிறுநீரகத்திலும் படியும். இகுவானாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வருவது சகஜம். மருத்துவர் ஊசி மூலம் திரவம் ஏற்றுவார், ரத்தம் எடுத்துப் பார்ப்பார். புறப்படும் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் நிற்க வையுங்கள், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். கடைசி எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள், அவருக்கு அது உதவும். பேரனிடம் இகுவானாவின் உரிமப் பத்திரம் எங்கே என்றும் கேட்டு வையுங்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் கேட்கும் இனங்கள் உண்டு, சந்தேகமிருந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்கலாம்.

தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். போய் வந்ததும் எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், ஐயா.

கேள்வி (செத்தாபாக்): இகுவானா தும்மும்போது வெள்ளைப் பொடி தெறிக்குது. சளியா?

உப்பு. மூக்கில் இருக்கும் சுரப்பி வழியாக, தண்ணீரை வீணாக்காமல் அதிக உப்பை வெளியேற்றுகிறது. பொடியாக இருந்தால் பயமில்லை, கோழையாக இருந்தால் காட்டுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): தீபாவளிக்கு மூன்று நாள் ஈப்போ போகிறோம். லெப்பர்ட் கெக்கோவைத் தனியாக விடலாமா?

வளர்ந்ததாக இருந்தால் விடலாம். ஒன்றுக்கு இரண்டு கிண்ணம் வையுங்கள், ஈர டப்பாவைப் புதிதாக நனையுங்கள், உயிருள்ள பூச்சி எதையும் உள்ளே விட்டுப் போகாதீர்கள், பசித்த சிள்வண்டு தூங்கும் பல்லியைக் கடிக்கும். குட்டியாக இருந்தால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். பச்சோந்தி வைத்திருப்பவர்கள் ஒரு நாள் கூட இப்படி விட வேண்டாம்.

கேள்வி (செந்தூல் மாணவி, மறுபடியும்): அக்கா, டப்பா வெச்சேன், உள்ளயே படுத்துக்கிச்சு! வெறும் மீல்வர்ம் மட்டும்தான் கொடுக்குறேன். அதுலயும் தண்ணி இருக்குமா?

இருக்கும், ஆனால் சிள்வண்டை விடக் குறைவு. சிள்வண்டில் 70 விழுக்காடு வரை தண்ணீர்தான். எந்தப் பூச்சியானாலும், கொடுப்பதற்கு முந்தின நாள் கேரட், பூசணித் துண்டு போட்டு வயிறு நிறைய விடுங்கள். உலர்ந்த தவிட்டிலேயே கிடந்த புழுவும், ஒரு நாள் முழுக்கப் பூசணி தின்ற புழுவும் பல்லியின் வயிற்றில் ஒன்றல்ல. காய்ந்த புழு டப்பாவில் விற்கிறார்களே, அதைத் தினசரித் தீனியாக்க வேண்டாம். டப்பாவில் இருக்கும் பாசியைக் கிழமைக்கு ஒரு முறை மாற்றுங்கள், வாடை வந்தால் அன்றைக்கே.