மெயினுக்கு முன்னும் பின்னும் ஓடுவது என்ன?

சி மொழி நிரல் ஒன்றில், நாம் எழுதும் முதன்மைச் செயற்கூறான மெயினுக்கு முன்பே ஓடும் சிறிய அசெம்பிளித் துண்டுதான் (செயலியின் கட்டளைகளில் நேரடியாக எழுதியது) தொடக்க நிரல். லினக்ஸில் அதன் நுழைவாயிலுக்கு 'ஸ்டார்ட்' என்று பெயர். நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கர், நாம் கேட்காமலேயே அதைச் சேர்த்துவிடுகிறது.

ஏன் அசெம்பிளி? சி செயற்கூறு எதுவும் தன்னை யாரோ முறைப்படி அழைத்ததாக நம்பித்தான் ஓடுகிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னலோ யாரையும் அழைப்பதில்லை. நிரலின் தற்காலிக நினைவகமான ஸ்டேக்கின் உச்சியில் உள்ளீடுகளின் எண்ணிக்கையையும் முகவரிகளையும் வைத்துவிட்டு நேரே நுழைவாயிலுக்குக் குதித்துவிடுகிறது. 64 பிட் இன்டெல் கணினியில் ஸ்டார்ட் அவற்றை செயலிக்குள் இருக்கும் உரிய ரெஜிஸ்டர்களில் எடுத்து வைத்து, ஸ்டேக்கை 16 பைட் எல்லைக்குச் சீராக்கி, சி நூலகத்தை அழைக்கும். நூலகம்தான் மெயினை அழைக்கிறது; மெயின் முடிந்தபின் நடக்கும் வேலையும் அதனுடையதே.

கல்யாண வீட்டில் சமையல் மாஸ்டர் கரண்டி பிடிக்கும் முன்பே கோட்டை அடுப்பை மூட்டிக் காய் நறுக்கி வைக்க ஆள் உண்டு. பந்தி முடிந்தபின் அண்டா கழுவவும் உண்டு. இங்கே அண்டா கழுவுவது என்பது, திரைக்குப் போகாமல் நினைவகத்தில் தேங்கிய எழுத்துகளை வெளியே தள்ளுவது. அதன் பிறகே நூலகம் 231 எண் கொண்ட அமைப்பு அழைப்பின் (கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) வழியாகக் கெர்னலிடம் விடைபெறுகிறது. நிரல் பாதியில் செத்தால், திரையில் எழுதும் செயற்கூறான பிரின்ட்எஃப் எழுதிய கடைசி வரி சில சமயம் காணாமல் போவது, அண்டா கழுவாமல் போவதால்தான்.

மெயினில் ரிட்டர்ன் வந்ததும் நிரல் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அழைத்தவரிடம் திரும்புகிறது, அவ்வளவுதான்.